இடைக்காலக் கிறித்தவ மெய்யியலில் சுதந்திர சித்தமும் பழியும்: புதிதாகப் படிக்க வருபவருக்கு ஒரு வழி

"நாளை நான் செய்யப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், அந்தப் பாவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" இடைக்காலக் கிறித்தவ மெய்யியலைத் தொட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் இதை வாசலாக வைத்து உள்ளே போனவர்கள் காலம், நித்தியம், கட்டாயம் என்ற சொற்களுக்குள்ளேயே சுற்றிக் களைத்து, சில வாரங்களில் புத்தகத்தை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பரிந்துரைப்பது வேறு வாசல். யாரைக் குற்றம் சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது, சொன்னால் எந்த அளவுக்குச் சொல்லலாம்? இந்தச் சிந்தனையாளர்கள் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் இதுதான். சித்தத்தின், அதாவது விரும்பித் தீர்மானிக்கும் ஆற்றலின், சுதந்திரம் பற்றி அவர்கள் கட்டிய கோட்பாடுகளில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடிப்போன வழியில் பிறந்தது. பழியிலிருந்து சுதந்திரத்துக்குப் போனால் பாதை தெளிவாக இருக்கும். சுதந்திரத்திலிருந்து பழிக்கு வர முயன்றால் வழியிலேயே தொலைந்துபோவோம்.

இதற்கு இலத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிறித்தவ நம்பிக்கையும் கட்டாயம் அல்ல. அந்த நம்பிக்கை அவர்களுக்கு எவ்வளவு உண்மையாக இருந்தது என்பதை மதித்துப் படித்தால் போதும்.

முதல் படி: ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் வாழ்ந்த பீட்டர் அபெலாரிடமிருந்து (1079–1142) தொடங்குங்கள். 'உன்னையே அறிந்துகொள்' என்ற தலைப்பிலும் வழங்கும் அவருடைய அறநெறி நூல் சிறியது. அதில் வரும் வழக்கு இது. ஓர் ஏழைத் தாய். கைக்குழந்தைக்குப் போர்த்தப் போதிய துணி இல்லை. குளிரில் நடுங்கும் குழந்தையைப் பார்க்கப் பொறுக்காமல், தன் கந்தலுக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டு படுக்கிறாள். களைப்பில் உறங்கிப்போகிறாள். உறக்கத்தில் அவள் உடல் அழுத்திக் குழந்தை இறந்துவிடுகிறது. ஆயர் முன் கொண்டுவரப்படும் அவளுக்குக் கடுமையான தண்டனை விதிக்கப்படுகிறது.

இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் தீர்ப்பை ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவள் குற்றவாளியா? இல்லையென்றால் தண்டனை எதற்கு? எழுதிய பிறகே அபெலார் சொல்வதைப் படியுங்கள். அந்தப் பெண்ணிடம் அவர் பாவத்தைக் காணவில்லை. அவளிடம் இருந்தது அன்புதான். தண்டனை அவள் குற்றத்துக்காகத் தரப்படவில்லை, இனி அவளும் பிற தாய்மாரும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காகத் தரப்படுகிறது என்கிறார். கடவுள் முன் பழி வேறு, மனிதர் விதிக்கும் தண்டனை வேறு என்று அவர் இரண்டையும் பிரித்த இடம் இது. மனிதர்களுக்குத் தெரிவது செயல் மட்டும். உள்ளத்தைக் காண்பவர் கடவுள். ஆகவே மனிதரின் நீதிமன்றம் செயலை அளக்கிறது, கடவுளின் நீதிமன்றம் உள்ளத்தை அளக்கிறது. இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பலவும் தானாகப் புரியும்.

உள்ளத்தில் அளக்கப்படுவது எது? அபெலாரின் விடை: சம்மதம். கெட்ட பழக்கம் பாவமல்ல, ஆசை எழுவதும் பாவமல்ல. செயல்கூடத் தன்னளவில் பாவத்தைக் கூட்டுவதில்லை. தகாததென்று தெரிந்தும் உள்ளத்தால் 'சரி' என்று சம்மதிக்கிறோமே, அந்தக் கணத்தில்தான் பாவம் இருக்கிறது. இதைச் சோதிக்க அவர் இன்னும் இரண்டு வழக்குகள் தருகிறார். சங்கிலியால் கட்டப்பட்டுப் பெண்களுக்கிடையே வலுக்கட்டாயமாகக் கிடத்தப்பட்ட துறவிக்கு உடலில் இன்பம் எழுகிறது. அவர் சம்மதிக்கவில்லை, எனவே பாவமில்லை. மற்றொன்று, கொடிய எஜமானன் உருவிய வாளோடு துரத்த, ஓடி ஓடித் தப்ப முயன்று, கடைசியில் வேறு வழியின்றி அவனைக் கொன்றுவிடும் வேலைக்காரன். அவனுக்குக் கொல்லும் ஆசை இல்லை, பிழைக்கும் ஆசைதான் இருந்தது. ஆனாலும் கொலைக்குச் சம்மதித்தான், ஆகவே பாவம் உண்டு என்கிறார் அபெலார்.

இந்த மூன்றாவது தீர்ப்பை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அந்த மறுப்பைக் குறித்துவையுங்கள். ஆறாம் படியில் தாமஸ் அக்வினாஸிடம் வரும்போது அது பயன்படும்.

அபெலாரின் காலத்துக்குப் பிறகு இந்தக் கேள்விகள் படித்தவர்களின் விவாதமாக மட்டும் இருக்கவில்லை. 1215இல் கூடிய திருச்சபையின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பகுத்தறியும் வயதை எட்டிய ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் தன் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. ஊர்தோறும் குருக்கள், செய்தது தெரிந்தா தெரியாமலா, அச்சத்திலா ஆசையிலா என்று கேட்டு எடைபோட வேண்டிய நிலை வந்தது. இன்றும் நம் ஊர்களில் மறைக்கல்வி வகுப்புக்குப் போன பிள்ளைகள், கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். அந்த வரிசைக்குப் பின்னால் இந்த நூற்றாண்டுகளின் உழைப்பு இருக்கிறது.

இரண்டாம் படி: மூன்று முடிச்சுகளைத் தனித்தனியே வையுங்கள்

படிக்கத் தொடங்கியதும் மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். ஒன்று, சித்தம் எப்படி இயங்குகிறது, அதற்கும் அறிவுக்கும் என்ன உறவு என்பது. இரண்டாவது, கடவுளின் முன்னறிவு. மூன்றாவது, முதல் மனிதர்களிடமிருந்து வந்த ஆதிப்பாவத்தால் காயப்பட்ட மனிதன் கடவுளின் அருள் இல்லாமல் நன்மையை விரும்பக்கூட முடியுமா என்பது. ஒவ்வொரு நூலை எடுக்கும்போதும் இது எந்த முடிச்சைப் பற்றியது என்று முதலில் கேளுங்கள். முன்னறிவுக்குச் சொன்ன விடையை அருளின் சிக்கலுக்குப் பொருத்திப் பார்த்து, 'இது விடையே இல்லையே' என்று சலித்துக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அந்த விடை அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதே அல்ல.

மூன்றாம் படி: அகுஸ்தீனை ஆண்டுக் கணக்கோடு படியுங்கள்

அகுஸ்தீன் (354–430) இல்லாமல் இடைக்காலம் இல்லை. வட ஆப்பிரிக்காவின் தாகாஸ்தே ஊரில் பிறந்தவர், ஹிப்போ நகரின் ஆயர். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி சமயத்தாரோடு இருந்தவர். தீமை என்பது நன்மையோடு போரிடும் தனி ஆற்றல், நமக்குள் பாவம் செய்வது அதுதான் என்பது அவர்களின் போதனை. அதிலிருந்து வெளியே வந்த அகுஸ்தீனுக்கு ஒரு கடமை இருந்தது. தீமை கடவுளிடமிருந்தும் வரவில்லை, இன்னொரு தெய்வீக ஆற்றலிடமிருந்தும் வரவில்லை என்று காட்ட வேண்டும். அப்படியானால் எங்கிருந்து? நம் சித்தத்திலிருந்து.

'சுதந்திர சித்தம் பற்றி' என்ற மூன்று பாக உரையாடலை உரோமையில் 387–388 வாக்கில் தொடங்கி, ஆப்பிரிக்காவில் 395ஐ ஒட்டி முடித்தார். நண்பர் எவோதியுஸ் கேட்கும் முதல் கேள்வியே, தீமைக்குக் கடவுள்தான் காரணரா என்பது. முதல் பாகத்தை முழுதும் படியுங்கள். பிறகு மூன்றாம் பாகத்தின் தொடக்க அத்தியாயங்களுக்குத் தாவுங்கள். முன்னறிவு பற்றிய எளிய, கூர்மையான வாதம் அங்கே இருக்கிறது: நடந்ததை நீ நினைவுகூர்வதால் அது நடந்தே தீர வேண்டும் என்று நீ கட்டாயப்படுத்தியதாகாது. அதுபோலவே வரப்போவதைக் கடவுள் அறிவதும் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டாம் பாகம் கடவுளின் இருப்பை நிறுவும் நீண்ட வாதம். முதல் வாசிப்பில் அதைக் கடந்துபோகலாம்.

இந்த நூலோடு நிறுத்திவிட்டால் அகுஸ்தீனைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். மிலான் குரு சிம்ப்ளிசியானுக்கு 396ஐ ஒட்டி எழுதிய பதிலில், விவிலியத்தில் உள்ள பவுலின் உரோமையர் திருமுகத்தை விளக்கும்போது அவர் நிலை நகர்கிறது. சித்தத்தின் சுதந்திரத்துக்காகத் தாம் முயன்றதாகவும், ஆனால் கடவுளின் அருளே வென்றதாகவும் முதுமையில் அவரே அந்த நூலைப் பற்றிக் குறிப்பிடுகிறார். மனிதன் தன் முயற்சியால் பாவமின்றி வாழ முடியும் என்ற பெலேஜியஸ், அகுஸ்தீனின் பழைய வரிகளையே தமக்கு ஆதரவாகக் காட்டினார். பெலேஜியஸின் கருத்துகளை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. 426–427இல் தம் நூல்களை எல்லாம் திரும்பப் பார்த்து எழுதிய அகுஸ்தீன், அந்தப் பழைய உரையாடல் மானி சமயத்தாருக்கு எதிராக எழுதப்பட்டது, அருள் பற்றிய விவாதம் அன்று தம் முன் இல்லை என்று விளக்கினார்.

ஆகவே அகுஸ்தீனின் மேற்கோள் எதைப் பார்த்தாலும், எந்த ஆண்டு எழுதியது, யாருக்கு எதிராக எழுதியது என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இடைக்கால ஆசிரியர்கள் பலரும் சண்டையிட்டது இரண்டு அகுஸ்தீன்களில் எவர் பக்கம் நிற்பது என்பதற்காகவே.

நேரம் கிடைத்தால் 'அறிக்கைகள்' நூலின் இரண்டாம், எட்டாம் பாகங்களைப் படியுங்கள். இரண்டாவதில், பதினாறு வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடிய நிகழ்ச்சி. பசிக்காகவும் இல்லை, சுவைக்காகவும் இல்லை. திருடும் இன்பத்துக்காகவே திருடினேன் என்று அவர் தன்னைக் குடைந்து குடைந்து விசாரிக்கும் பக்கங்கள். எட்டாவதில், விரும்பியும் விரும்ப முடியாமல் தவிக்கும் மனம். சித்தம் தனக்கே கட்டளையிட்டுத் தானே கீழ்ப்படியாத அந்த நிலையை இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு.

நான்காம் படி: முன்னறிவுச் சிக்கலுக்குப் பொயேத்தியுஸ்

இப்போதுதான் நீங்கள் கையில் கொண்டுவந்த கேள்விக்கு வருகிறோம். உரோமையில் கான்சல் என்னும் உயர் பதவி வகித்த பொயேத்தியுஸ், மன்னன் தியோதோரிக்கின் ஆட்சியில் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது 'மெய்யியலின் ஆறுதல்' எழுதினார். 524 வாக்கில் கொல்லப்பட்டார். அநியாயமாகச் சாகப்போகும் ஒருவர், உலகில் பழிக்கும் புகழுக்கும் பொருள் இருக்கிறதா என்று கேட்கிறார் என்பதை நினைவில் வைத்து ஐந்தாம் பாகத்தைப் படியுங்கள்.

அந்தப் பாகத்தின் மூன்றாம் உரைநடைப் பகுதி சிக்கலை வைக்கிறது, ஆறாவது விடை தருகிறது. நடுவில் உள்ளவை, அறிவு என்பது அறியப்படும் பொருளின் இயல்பைவிட அறிபவரின் இயல்பையே சார்ந்தது என்ற கருத்தை மெல்ல வளர்க்கின்றன. விடையில் இரண்டு கூறுகள் உள்ளன. முதலாவது, நித்தியம் என்றால் முடிவில்லாமல் நீளும் காலம் அல்ல. எல்லையற்ற வாழ்வை ஒரே சமயத்தில் முழுமையாகக் கொண்டிருப்பது. ஆகவே கடவுள் 'முன்கூட்டி' அறிவதில்லை, காண்கிறார். இரண்டாவது, கட்டாயம் இரு வகைப்படும். மனிதர் எல்லாரும் சாவார்கள் என்பது இயல்பிலேயே உள்ள கட்டாயம். ஒருவர் நடப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் நடந்துகொண்டிருப்பது உறுதி என்பது நிபந்தனைக்குட்பட்ட கட்டாயம். நீங்கள் பார்ப்பதால் அவர் கால்கள் கட்டப்படவில்லை. அவர் விரும்பித்தான் நடக்கிறார்.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு வழி: "கடவுள் அறிந்தது நடந்தே தீரும்" என்ற வாக்கியத்தை எடுத்து, அதில் உள்ள கட்டாயம் எந்த வகை என்று உங்கள் சொற்களில் மூன்று வரி எழுதுங்கள். எழுத முடிந்தால் மேலே போகலாம். அக்வினாஸ் இதே விடையை வாங்கித் தம் உவமையோடு தருகிறார். சாலையில் நடப்பவருக்குப் பின்னால் வருபவர்கள் தெரிவதில்லை, உயரத்தில் நிற்பவருக்குச் சாலை முழுவதும் ஒருசேரத் தெரிகிறது. இது முழுவதும் நிறைவு தரும் விடையா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கடவுளின் அறிவு வெறும் பார்வையாளரின் அறிவு அல்ல, உலகைப் படைக்கும் அறிவு என்றும் இதே மரபு சொல்கிறதே. அந்தத் தயக்கத்தோடேயே முன்னே செல்லலாம். அவர்களும் அப்படித்தான் சென்றார்கள்.

ஐந்தாம் படி: அன்செல்மிடம் நின்று நிதானியுங்கள்

இந்தப் பட்டியலில் ஒருவரை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், நான் அன்செல்மைத்தான் (1033–1109) காட்டுவேன். ஆல்ப்ஸ் அடிவார அவோஸ்தாவில் பிறந்து, நார்மண்டியின் பெக் மடத்தில் துறவியாகி, பிறகு கேன்டர்பரியின் பேராயரானவர். பெக்கில் இருந்தபோது 1080க்கும் 1086க்கும் இடையில் ஆசிரியர்-மாணவர் உரையாடலாக மூன்று சிறு நூல்களை எழுதினார்: உண்மை பற்றி, சித்தத்தின் சுதந்திரம் பற்றி, சாத்தானின் வீழ்ச்சி பற்றி. மாணவர் சும்மா தலையாட்டுபவர் அல்ல. நாம் கேட்க நினைப்பதைக் கேட்பவர்.

சுதந்திரம் என்றால் பாவம் செய்யவும் செய்யாமல் இருக்கவும் முடிவது என்று மாணவர் தொடங்குகிறார். ஆசிரியர் உடனே மறுக்கிறார். கடவுளால் பாவம் செய்ய முடியாது, விண்ணகத்தில் நிலைபெற்ற வானதூதர்களாலும் முடியாது. அவர்களுக்குச் சுதந்திரம் இல்லையா? தகாததில் விழவே முடியாதவர், விழக்கூடியவரைவிடக் கூடுதல் சுதந்திரம் உள்ளவர் அல்லவா? ஆகவே பாவம் செய்யும் ஆற்றல் சுதந்திரத்தின் பகுதியே அல்ல. அன்செல்மின் வரையறை இது: சித்தத்தின் நேர்மையை அந்த நேர்மைக்காகவே காத்துக்கொள்ளும் ஆற்றல்தான் சுதந்திரம். 'அந்த நேர்மைக்காகவே' என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். பலன் கருதி நேர்மையாக இருப்பவர் இதற்குள் வரமாட்டார்.

எதையும் தேர்ந்தெடுக்க முடிவதுதான் சுதந்திரம் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாகப் பதிந்திருப்பதால், இந்த வரையறையை முதலில் படிக்கும்போது ஏமாற்றுவேலைபோலத் தோன்றும். அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். நேர்மையை இழந்தவனுக்கு இந்தச் சுதந்திரம் இன்னும் இருக்கிறதா என்று மாணவர் கேட்பார். இருளில் நிற்பவனுக்கும் பார்வை இருக்கிறது, காண முடியாததற்குக் காரணம் ஒளி இல்லாமை என்று ஆசிரியர் விளக்குவார். ஆற்றல் போகவில்லை. ஆகவே பொறுப்பும் போகவில்லை. இழந்த நேர்மையைத் திரும்பத் தருவது மட்டும் கடவுளின் அருளால் ஆவது.

மூன்றாம் நூலில் ஒரு சிந்தனைச் சோதனை வருகிறது, அதன் பன்னிரண்டு முதல் பதினான்கு வரையுள்ள அத்தியாயங்களில். கடவுள் ஒரு வானதூதரைப் படிப்படியாகப் படைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தன் நலத்தை, இன்பத்தை மட்டுமே விரும்பும் நாட்டத்தைத் தருகிறார். அந்தத் தூதர் கிடைக்கும் இன்பத்தை எல்லாம் விரும்பியே தீர்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பாராட்டவும் முடியாது. இப்போது அதை எடுத்துவிட்டு, நீதியை மட்டுமே விரும்பும் நாட்டத்தைத் தருகிறார். அவர் எப்போதும் நீதியையே விரும்புவார். ஆனால் வேறெதையும் விரும்ப முடியாதவரை நீதிமான் என்று எப்படிப் புகழ்வது? இரண்டு நாட்டமும் ஒருங்கே இருந்தால்தான், நீதியைக் காத்தவர் தாமே காத்தவர் ஆகிறார், விட்டவர் தாமே விட்டவர் ஆகிறார்.

பழிக்கு இடம் வேண்டுமானால் ஓர் உயிருக்குள் என்ன இருக்க வேண்டும் என்று இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய பக்கங்கள் இடைக்காலத்தில் வேறில்லை என்பது என் எண்ணம். இறுதியில் மாணவர் விடாமல் கேட்கிறார். இரண்டும் இருந்தும் சாத்தான் ஏன் தன்னலத்தைத் தேர்ந்தான்? அவன் விரும்பியதால் விரும்பினான், அதற்கு முந்திய காரணம் ஒன்றும் இல்லை என்கிறார் ஆசிரியர். காரணம் ஒன்று இருந்திருந்தால் பழி அந்தக் காரணத்துக்குப் போயிருக்கும்.

ஆறாம் படி: அக்வினாஸின் பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

தாமஸ் அக்வினாஸ் (1225–1274) பயமுறுத்துவது நூலின் அளவாலும் அமைப்பாலும். அமைப்பு தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். 'இறையியல் தொகுப்பு' சிறு கட்டுரைகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வி. முதலில் வருபவை எதிர்த்தரப்பு வாதங்கள், அவர் கருத்து அல்ல. அவற்றை அவர் கருத்தென்று எடுத்து மேற்கோள் காட்டியவர்களும் உண்டு. அடுத்து 'இதற்கு மாறாக' என்று ஒரு சான்று. அதன்பின் 'நான் விடையளிப்பது' என்று தொடங்கும் பகுதிதான் அவர் நிலை. கடைசியில் எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில். புதியவர் அவருடைய விடையை முதலில் படித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு எதிர்வாதத்தையும் அதன் பதிலோடு சேர்த்துப் படிப்பது எளிது.

முதல் பயிற்சிக்கு முதல் பாகம், 83ஆம் வினா, முதல் கட்டுரை. மனிதனுக்குச் சுதந்திரத் தேர்வு உண்டா? உண்டு, இல்லையென்றால் அறிவுரை, ஊக்கம், கட்டளை, தடை, பரிசு, தண்டனை எல்லாம் வீண் என்று தொடங்குகிறார். பழியிலிருந்து சுதந்திரத்துக்குப் போகும் அதே பாதையைக் கவனித்தீர்களா? ஓநாயைக் கண்ட ஆடு ஓடுகிறது. அது இயல்பூக்கத்தின் தீர்ப்பு. மனிதனோ பகுத்தறிவால் ஒப்பிட்டுப் பார்க்கிறான், அதனால் இப்படியும் அப்படியும் முடிவெடுக்க முடிகிறது.

அடுத்து இரண்டாம் பாகத்தின் முதற்பகுதி, ஆறாம் வினா. இதுதான் பொறுப்பைப் பற்றிய பட்டறை. புயலில் கப்பல் மூழ்காமலிருக்கச் சரக்கைக் கடலில் எறிபவர் விரும்பி எறிகிறாரா? அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த வழக்கு. அந்தச் சூழலில் அது விரும்பிய செயலே, சூழலை நீக்கிப் பொதுவாகப் பார்த்தால் மட்டும் விரும்பாதது என்கிறார் அக்வினாஸ். அபெலாரின் வேலைக்காரனை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். அச்சத்தில் செய்ததும் தன் செயல்தான் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஆனால் தற்காப்பைப் பற்றி அக்வினாஸ் தனியே எழுதிய இடத்தில் (இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 64ஆம் வினா), உயிரைக் காத்துக்கொள்ளும் நோக்கத்தோடு அளவுக்கு மீறாத வன்முறையைப் பயன்படுத்தியவரைப் பாவத்திலிருந்து விடுவிக்கிறார். என் மனம் அந்தத் தீர்ப்பின் பக்கமே சாய்கிறது.

செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பு உண்டா? மாலுமி சுக்கானை விட்டதால் கப்பல் மூழ்கினால் பழி அவருக்கு. ஆனால் அவரால் செலுத்த முடிந்திருக்க வேண்டும், செலுத்துவது அவர் கடமையாகவும் இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் இல்லாமல் பழி இல்லை.

அறியாமை பற்றிய எட்டாம் கட்டுரையை இரண்டு முறை படியுங்கள். ஒருவர் போதிய எச்சரிக்கையோடு பார்த்துவிட்டு அம்பு எய்கிறார். வழியில் வந்த ஒருவர்மேல் பட்டு அவர் இறந்துவிடுகிறார். தெரிந்திருந்தால் எய்திருக்கவே மாட்டார். இது விருப்பத்துக்கு மாறானது. இன்னொருவர் மான் என்று நினைத்து எய்கிறார். செத்தது அவருடைய பகைவர், அவர் ஏற்கெனவே கொல்ல விரும்பியவர். இங்கே கொலை அவர் அறிந்து விரும்பியதும் அல்ல, விருப்பத்துக்கு மாறானதும் அல்ல. வெறுமனே 'விரும்பாமல் நடந்தது'. மூன்றாவது, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டவர், அல்லது கேள்வி கேட்டால் செய்ய முடியாமல் போகுமே என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவர். இவருடைய அறியாமையே விரும்பியது, ஆகவே அது மன்னிப்பாகாது.

அங்கிருந்து பத்தொன்பதாம் வினாவின் ஐந்தாம், ஆறாம் கட்டுரைகள். தவறாகத் தீர்ப்புச் சொல்லும் மனச்சான்றையும் மீறக் கூடாதா? மீறக் கூடாது என்கிறார். கெட்டது என்று நம்பிக்கொண்டே செய்வது, உண்மையில் அது நல்லதாகவே இருந்தாலும் பாவம். அப்படியானால் தவறான மனச்சான்றைப் பின்பற்றியவர் தப்பித்துவிடுவாரா? தவறு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. தெரிந்திருக்க வேண்டிய கடவுளின் சட்டத்தையே அறியாதவர் தப்ப முடியாது. தவிர்க்க முடியாத சூழலில் விவரத்தைத் தவறாக நினைத்தவர் தப்பலாம்.

ஏழாம் படி: 1277ஐத் தாண்டிப் போங்கள்

அக்வினாஸோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், சூடான பகுதி இனிமேல்தான். சித்தம் எதையாவது விரும்ப, அறிவு அதை நல்லதென்று காட்ட வேண்டும். அப்படியானால் அறிவு இதுவே சிறந்தது என்று முடிவு சொன்ன பிறகு சித்தம் மறுக்க முடியுமா? முடியாது என்றால், ஒவ்வொரு பாவமும் அறிவின் பிழையாகிவிடும். பிழைக்கு யாரை நோவது? 1277 மார்ச் 7ஆம் நாள் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். அறிவின் தீர்ப்பைச் சித்தம் மீற முடியாது என்ற போக்கில் அமைந்தவையும் அவற்றில் இருந்தன.

அந்தக் கண்டனத்துக்காகக் கூட்டப்பட்ட குழுவில் இருந்த கெண்ட் நகர ஹென்றி, அறிவு இரவில் விளக்கேந்தி எஜமானுக்கு முன்னே நடக்கும் வேலைக்காரன் என்றார். வழி காட்டுவது அவன், போகும் திசையை முடிவுசெய்வது எஜமானாகிய சித்தம்.

ஸ்காட்லாந்தில் பிறந்து ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் கற்பித்து 1308இல் கொலோனில் இறந்த பிரான்சிஸ்கத் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ் இதை இன்னும் நுட்பமாக்கினார். விறகு அருகில் வந்தால் நெருப்பு எரித்தே தீரும். அது இயற்கை ஆற்றல். சித்தம் மட்டுமே தன்னைத் தானே தீர்மானிக்கும் ஆற்றல். விரும்பலாம், வெறுக்கலாம், இரண்டும் செய்யாமலும் இருக்கலாம். ஒரே ஒரு கணம் மட்டும் இருந்து மறையும் ஒரு சித்தத்தை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கணத்தில் ஒன்றை விரும்பும்போதே, அதே கணத்தில் விரும்பாதிருக்கும் ஆற்றல் அதற்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது சுதந்திரமாக விரும்பவில்லை. அன்செல்மின் இரண்டு நாட்டங்களையும் ஸ்கோட்டஸ் எடுத்துக்கொண்டு, நீதியின் நாட்டமே தன்னல நாட்டத்துக்குக் கடிவாளமிட்டுச் சித்தத்தைச் சுதந்திரமாக்குகிறது என்கிறார். அன்செல்மை நிதானமாகப் படிக்கச் சொன்னதன் பயன் இங்கே கிடைக்கும். ஸ்கோட்டஸின் நடை கரடுமுரடானது. முதலில் தேர்ந்தெடுத்த பகுதிகளின் தொகுப்பு ஒன்றோடு தொடங்குவதே நல்லது.

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரான்சிஸ்கத் துறவி ஓக்காம் வில்லியமை ஒரு வழக்கால் அணுகுங்கள். ஒருவன் தற்கொலை எண்ணத்தோடு மலைமுகட்டிலிருந்து குதிக்கிறான். விழும்போதே மனம் வருந்துகிறான். விழுவது தொடர்கிறது, ஆனால் இப்போது அது அவன் கையில் இல்லை. அந்த விழுதல் இன்னும் பாவமா? இல்லை என்கிறார் ஓக்காம். நன்மையும் தீமையும் சித்தத்தின் செயலில் மட்டுமே உள்ளன, உடலின் அசைவில் இல்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து அபெலாரின் குரல் வேறொரு தொண்டையிலிருந்து வருவதுபோல இருக்கும்.

கடைசியாக ஒரு பயிற்சி

மானென்று நினைத்துப் பகைவரைக் கொன்ற வேட்டைக்காரரை எல்லாரிடமும் கொண்டுபோங்கள். ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள். அக்வினாஸின் விடை நமக்குத் தெரியும். அபெலாரிடம் போனால், அம்பு எய்த நாளை விட்டுவிட்டு, அதற்கு முன் என்றாவது அவர் கொலைக்கு உள்ளத்தால் சம்மதித்தாரா என்றுதான் விசாரிப்பார் என்று நினைக்கிறேன். சம்மதித்திருந்தால் அன்றே குற்றவாளி, அம்பு அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அன்செல்ம் அவருடைய இரு நாட்டங்களில் எது எதற்கு வழிவிட்டது என்று பார்ப்பார். ஓக்காமுக்கு, பிணத்தைக் கண்டதும் வேட்டைக்காரரின் சித்தம் மகிழ்ந்ததா வருந்தியதா என்பது முக்கியமாகும். எழுதி முடித்தபின், முதல் நாள் அந்த ஏழைத் தாயைப் பற்றி எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மூன்றாம் முடிச்சான அருளுக்குப் போங்கள். அதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டு மடத்தலைவர் கிளேர்வோ பெர்னார்ட் 1128ஐ ஒட்டி எழுதிய 'அருளும் சுதந்திரத் தேர்வும் பற்றி' என்ற சிறு நூல் நல்ல தொடக்கம். கட்டாயத்திலிருந்து விடுதலை, பாவத்திலிருந்து விடுதலை, துயரத்திலிருந்து விடுதலை என்று மூன்றாகப் பிரித்து, முதலாவதை மனிதன் ஒருபோதும் இழக்கவில்லை என்கிறார் அவர். அதைப் படித்தவர்கள் சுதந்திர சித்தம் பற்றி 1524இல் அறிஞர் எராஸ்மஸ் எழுதியதையும் 1525இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் அதற்குத் தந்த கடுமையான மறுமொழியையும் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் எந்த அகுஸ்தீனைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.